தாய் குவைத்தில், தந்தை இல்லை: 16 வயதுப் பிள்ளையின் அவசரச் சத்திரசிகிச்சையில் சம்மதமும் இரகசியமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது வன்னியிலுள்ள ஓர் அரச ஆதார வைத்தியசாலையில், சில வருடங்களுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில் நடந்தது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நான் அப்போது அங்கே நட்பு நிலையத்துக்குப் பொறுப்பான வைத்திய அதிகாரி. வீட்டு வன்முறைக்கும் துஷ்பிரயோகத்துக்கும் ஆளானவர்களுக்காக அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆலோசனைப் பிரிவுதான் நட்பு நிலையம். இந்த நிகழ்வில் வன்முறையும் இல்லை, துஷ்பிரயோகமும் இல்லை. ஆனாலும் இரவில் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பிள்ளைக்கு 16 வயதும் சில மாதங்களும். ஏ.எல். வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அப்பா 2009 இல் காணாமற்போனவர். அப்போது இவள் நடைபழகிய குழந்தை. அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறாள். தாய்மாமன் பக்கத்து ஊரில் குடும்பமாக இருப்பவர். வீட்டுக்குக் கூரை போடுவதிலிருந்து பிள்ளையின் ரியூசன் வரை அவர் சொல்வதுதான் முடிவு.

வன்னியில் வேலைபார்க்கும் எவருக்கும் இந்தக் குடும்ப அமைப்பு புதிதில்லை. வைத்தியசாலைப் படிவங்களுக்குத்தான் அது இன்னும் பழகவில்லை. 2016 இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் அல்லாத தனிச் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம் என்று ஆக்கினார்கள். இந்தக் குடும்பம் அதையும் எடுக்கவில்லை. அதை எடுத்தால் தேடுவதை நிறுத்தியதாகிவிடும் என்பது அம்மம்மாவின் எண்ணம். ஆகவே தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றும் எழுத முடியாது, இறந்துவிட்டார் என்றும் எழுத முடியாது.

வந்த நிலை

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன இடத்தில் அன்றிரவே தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியிருக்கிறது. விரதத்தால் வந்த வாய்வு என்று நினைத்து வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் வலி வலதுபக்க அடிவயிற்றுக்கு இறங்கியது, சத்தி, காய்ச்சல். பக்கத்துப் பிரதேச வைத்தியசாலை எங்களிடம் அனுப்பியது. பின்னேரம் வந்து சேர்ந்தாள். தொட்டுப் பார்த்தபோதே குடல்வளரி (அப்பென்டிக்ஸ்) அழற்சி போலத்தான் இருந்தது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன.

அவசர சிகிச்சைப் பிரிவில் அப்போது கடமையிலிருந்த இளம் வைத்தியர் தெற்கிலிருந்து வந்தவர். கெட்டிக்காரர், தமிழ் கொஞ்சம்தான். பூப்படைந்த ஒரு பெண்பிள்ளை அடிவயிற்று வலியோடு வந்தால் கடைசியாக மாதவிடாய் வந்த திகதியைக் கேட்பதும், கர்ப்பமில்லை என்பதை உறுதிசெய்வதும் எந்த வைத்தியரும் செய்யவேண்டிய வேலை. கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருந்தால் அதுவும் இப்படியே வலிக்கும். தவறவிட்டால் உயிர் போகும். அவர் கேட்டது சரி. கேட்ட வழிதான் வில்லங்கமாயிற்று. மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியரைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிசி, ஆனால் பிள்ளையின் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. திரைச்சீலை ஒன்றுதான் மறைப்பு. அந்தப் பக்கம் நாலு கட்டிலில் ஆட்கள், வாசலில் அம்மம்மா.

"டொக்டர் கேக்கிறார், உனக்குக் கடைசியா எப்ப வந்தது? ஆரோடையும் பழக்கம் இருக்கோ?"

இரண்டாவது கேள்வியை வைத்தியர் அந்தச் சொற்களில் கேட்கவில்லை. பிள்ளை திகதியை மாற்றிமாற்றிச் சொன்னாள், பிறகு பேசாமல் இருந்துவிட்டாள். சலம் எடுத்துப் பரிசோதித்தார்கள். கர்ப்பம் இல்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்துவிட்டு அன்றிரவே வெட்டவேண்டும் என்றார்.

தடை

வாட்டில் தாதி படிவத்தை நீட்டியபோது அம்மம்மா கைவைக்கவில்லை. "மகன் வரட்டும்" என்றார். மாமா வந்தார். வரும் வழியிலேயே அவருக்கு யாரோ தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அவருடைய முதற்கேள்வி பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பதாக இருக்கவில்லை.

"அப்பென்டிக்ஸுக்கு ஏன் சலம் எடுத்தனியள்? அந்த ரிசல்ட்டைக் காட்டுங்கோ. அதுக்குப் பிறகுதான் சைன்."

காட்டாவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். அம்மாவுக்கு எடுத்த அழைப்பு போகவில்லை. வேலைசெய்யும் வீட்டில் இரவு வேலை முடிந்த பின்தான் கைத்தொலைபேசியைக் கையில் கொடுப்பார்களாம். குவைத் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். வாட்டில் இருந்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். காட்டிவிட்டால் என்ன, இல்லை என்றுதானே வந்திருக்கிறது, கையெழுத்தும் கிடைத்துவிடும் என்றார்கள் சிலர். மாமாவின் கையெழுத்து இல்லாமல் தொடவே கூடாது என்றார்கள் வேறு சிலர். இந்த இடத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பிள்ளை சொன்னது

பிள்ளையைக் காயத்துக்கு மருந்து கட்டும் அறைக்குப் பக்கத்திலிருந்த சிறிய அறைக்குச் சில்லுக்கட்டிலோடு மாற்றி, ஒரு பெண் தாதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசினேன். பேசமுன் ஒன்றைச் சொன்னேன்: "நீங்கள் சொல்லுறதை உங்களைக் கேக்காமல் வீட்டுக்காரருக்குச் சொல்லமாட்டன். ஆனால் ஆரும் உங்களுக்குத் தீங்கு செய்திருந்தால், அல்லது உங்கட உயிருக்கு ஆபத்தெண்டால், அதை நான் என்னோட வைச்சிருக்க ஏலாது." இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் ஒரு பிள்ளைக்கு இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுப்பது ஏமாற்று.

விசயம் சின்னது. பொங்கலன்று கோயிலுக்குள் போக முடியாமல் போய்விடும் என்று, மாதவிடாய் நாளைத் தள்ளிப்போடும் குளிசை எடுத்திருந்தாள். சிநேகிதியின் அக்கா மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நேர்த்தி இருந்ததாம், அம்மா சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று. திகதி குழம்பியதற்குக் காரணம் அதுதான். கோயில் திருவிழாக்காலங்களில் இந்தக் குளிசை எங்கள் பக்கம் எவ்வளவு சாதாரணமாகக் கைமாறுகிறது என்பது பெண் தாதிமார் எல்லாருக்கும் தெரியும், வைத்தியர்களுக்குத்தான் தெரிவதில்லை.

"ஒப்பரேசன் செய்யுங்கோ, எனக்குப் பயமில்லை. குளிசைக் கதையை மட்டும் அம்மம்மாவுக்கும் மாமாவுக்கும் சொல்லாதேங்கோ" என்றாள். அம்மம்மாவுக்குத் தெரிந்தால் அம்மனை ஏமாற்றியதாக நினைப்பார் என்பது அவள் பயம். மயக்கமருந்து வைத்தியருக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். அந்தக் குளிசை இரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டக்கூடியது. அவருக்குத் தெரியத்தான் வேண்டும். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சரி என்றாள். சத்திரசிகிச்சையில் என்ன செய்வார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன். குடல்வளரி வெடித்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும் என்றாள். இதைவிடக் குறைவாக விளங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையில் பராயமடையும் வயது 18. முன்பு 21 ஆக இருந்ததை 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் குறைத்தது. மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதிக்க இத்தனை வயது என்று தனியே சொல்லும் சட்டம் எங்களுக்கு இல்லை. அதனால் 18 என்ற எண்ணையே வைத்தியசாலைகள் எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொள்கின்றன.

ஆனால் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையைத் திறந்தால் வேறு எண் ஒன்று இருக்கிறது. 12 வயதுக்குக் குறைந்தவர் கொடுக்கும் சம்மதம் அந்தக் கோவையின் பார்வையில் சம்மதமாகாது. அப்படியான பிள்ளையின் நன்மைக்காக, பாதுகாவலர் அல்லது சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்யப்படுவது குற்றமில்லை. சம்மதம் பெறக்கூடிய பாதுகாவலர் எவரும் உரிய நேரத்தில் கிடைக்காதபோது, நோயாளியின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்யப்படுவதும் குற்றமில்லை. இந்தக் கோவை 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்பதால், இந்தப் பகுதி தமிழ்நாட்டு வைத்தியர்களுக்கும் பழக்கமாகத் தெரியும். இது குற்றவியல் பாதுகாப்பு மட்டுமே. 12 க்கு மேல் எல்லாப் பிள்ளையும் தானே முடிவெடுக்கலாம் என்று இதிலிருந்து யாரும் வாசிக்கக்கூடாது. 16 வயதுப் பிள்ளையின் வார்த்தைக்குப் பெறுமதியே இல்லை என்று வாசிக்கவும் இடமில்லை.

வெளியே பார்த்தால் இரண்டு எடுத்துக்காட்டுகள் உதவும். இங்கிலாந்தில் 1969 ஆம் ஆண்டின் சட்டப்படி 16, 17 வயதினர் தங்கள் சிகிச்சைக்குத் தாங்களே சம்மதிக்கலாம். 16 க்குக் குறைந்தவரும், விடயத்தை விளங்கிக்கொள்ளும் அளவு முதிர்ச்சி இருந்தால் சம்மதிக்கலாம் என்று கில்லிக் வழக்கில், அப்போது அங்கே அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1985 இல் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்த்தது. வழக்குப் போட்டவர் ஒரு தாய். தன் பெண்பிள்ளைகளுக்குத் தனக்குத் தெரியாமல் கருத்தடை ஆலோசனை கொடுக்கக்கூடாது என்பது அவர் கோரிக்கை. அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் மருத்துவச் சட்டம் படிப்பிக்கும்போது அதைச் சொல்லாமல் கடப்பதில்லை. எங்களைப் போலவே உரோம டச்சுச் சட்டத்தை அடித்தளமாகக் கொண்ட தென்னாபிரிக்கா, 2005 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில், 12 வயதைத் தாண்டிய முதிர்ச்சியுள்ள பிள்ளை சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம், சத்திரசிகிச்சை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ துணைநிற்கவேண்டும் என்று வைத்திருக்கிறது. பிள்ளை சம்மதிக்கிறது, பெரியவர் துணைநிற்கிறார் என்ற அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது.

மாமாவின் நிலை இதில் தெளிவு. பாதுகாவலர் பெற்றோர்தான். நீதிமன்றம் நியமித்தாலன்றி, வீட்டில் எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும், தாய்மாமன் சட்டப்படி பாதுகாவலர் ஆகமாட்டார். எங்கள் ஊர்களில் இதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்வது வேறு விசயம்.

எடுத்த முடிவுகள்

முதலாவது, சத்திரசிகிச்சையையும் பரிசோதனை முடிவையும் ஒன்றோடொன்று கட்டக்கூடாது என்று நிபுணரும் நானும் ஒத்துக்கொண்டோம். முடிவைக் காட்டி கையெழுத்து வாங்கினால் பிள்ளையின் அந்தரங்கத்தை விலையாகக் கொடுத்ததாகிவிடும்.

கையெழுத்துக்கு, பிள்ளையையே படிவத்தில் முதலில் ஒப்பமிடவைத்தோம். அதன் கீழ், அன்றாடம் பொறுப்பில் வைத்திருப்பவர் என்ற முறையில் அம்மம்மாவின் பெருவிரல் அடையாளம், தாதி ஒருவர் சாட்சி. அம்மம்மா சம்மதித்தது, நிபுணர் வந்து கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, தாதி மூலம் ஆறுதலாக விளங்கப்படுத்திய பிறகு. சட்ட விளக்கம் எதுவும் அவரை அசைக்கவில்லை. பத்தரை மணிபோல் அம்மா இணைப்பில் வந்தார். ஒலிபெருக்கியில் போட்டு, இரண்டு பேர் கேட்க, வாய்மொழிச் சம்மதம் வாங்கி நேரத்தோடு ரிக்கெற்றில், அதாவது வாட்டில் வைத்திருக்கும் நோயாளியின் குறிப்பில், எழுதினோம். அம்மா கேட்ட முதல் கேள்வி: "என்ர பிள்ளை என்ன சொல்லுறாள்?" அம்மா கிடைக்காமல் போயிருந்தால், இரண்டு வைத்தியர்கள் அவசரநிலை என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டுச் செய்வதாக இருந்தோம்.

மாமாவுக்கு என்ன சொல்வது என்பதில்தான் நேரம் போனது. இந்த வயதில் வயிற்று வலியோடு வரும் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்வோம், முடிவு நோயாளிக்குரியது என்று முதலில் சொன்னேன். சட்டப்படி சரியான பதில். அவர் முகம் மாறியது. முடிவு நல்லதாக இருந்தால் ஏன் மறைக்கவேண்டும் என்றே எவரும் நினைப்பார்கள். ஊரில் என் மௌனம் ஒரு பதிலாகவே போய்ச் சேர்ந்திருக்கும். பாடப்புத்தகத்து இரகசியம் அந்த இடத்தில் பிள்ளையைக் காப்பாற்றவில்லை, மாட்டிவிட்டது.

ஆகவே திரும்பிப் போய் அவளையே கேட்டேன். "அது இல்லை எண்டு சொல்லுங்கோ. குளிசை வேண்டாம்" என்றாள். அதையே, அவளுடைய அனுமதியோடு சொல்வதாகச் சொல்லி, மாமாவிடம் சொன்னேன். தாயிடமும் அவ்வளவே. பராயமடையாத பிள்ளையின் தாய்க்கு மாமாவை விட அதிக உரிமை உண்டு; அவர் நேரடியாகக் கேட்டிருந்தால் குளிசை விடயத்தைப் பொய்சொல்லி மறைத்திருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை, பிள்ளை தானே சொல்வதாகச் சொல்லியிருந்தாள்.

இதில் ஒரு சிக்கலை நான் தீர்க்கவில்லை. ஒருத்தியின் முடிவு இல்லை என்று வீட்டாருக்குச் சொல்லிவிட்டால், அடுத்தவளின் முடிவைச் சொல்ல மறுப்பது ஆம் என்றாகிவிடும். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

விளைவு

நள்ளிரவுக்குச் சற்று முன் சத்திரசிகிச்சை நடந்தது. குடல்வளரி வீங்கிச் சீழ்பிடித்திருந்தது, வெடிக்கவில்லை. காயம் நன்றாக ஆறி, வழக்கமான நாட்களில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் அட்டையில் ஒரு தடை வந்தது. பயிலுநர் வைத்தியர் வழக்கப்படி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், குளிசையின் பெயர் உட்பட. அந்த அட்டை வீட்டில் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்படும். வாசிக்கத் தெரிந்த எவரும் எடுத்துப் பார்ப்பார்கள். வாட்டு ரிக்கெற்றில் முழு விபரமும் இருக்க, அட்டையில் சத்திரசிகிச்சையை மட்டும் எழுதி மாற்றிக் கொடுத்தோம்.

பிள்ளை கிளினிக்குக்கு வந்தபோது, குளிசை விடயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அம்மா அழுதாராம், ஏசவில்லையாம். மாமா அவளோடு கதைப்பது குறைவு. வகுப்பில் ஒரு பிள்ளை ஏதோ கேட்டிருக்கிறது. செய்தி எந்த வழியாகப் போனது என்பது எல்லாருக்கும் தெரியும். சிற்றூழியருக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை வேண்டும் என்று ஒரு கருத்து வந்தது. நான் உடன்படவில்லை. பயிற்சியும் இல்லாமல், வேலைப்பட்டியலிலும் இல்லாத மொழிபெயர்ப்பை அவர் தலையில் கட்டியது நிர்வாகம்.

இன்னொன்றும் தெரியவந்தது. வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களிடம் 2013 முதல் கேட்கப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கையில், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவராக அம்மம்மாவின் பெயர் எழுதப்பட்டிருந்தது. பிரதேச செயலகத்தில் அது கோப்பில் கிடந்தது. அது பாதுகாவலர் நியமனம் ஆகாது. ஆனால் தாய் யாரை நம்பி விட்டுப்போனார் என்பதற்கு அதைவிட நல்ல எழுத்துச் சான்று அன்றிரவு எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பரிசோதனை முடிவு வேறாக இருந்திருந்தால்

இந்தக் கேள்வியைப் பயிற்சிகளில் எப்போதும் கேட்கிறார்கள். 16 வயதைத் தாண்டியவள் கர்ப்பமாக இருந்தால் அதுமட்டுமே குற்றம் நடந்ததற்கு அத்தாட்சியாகாது; வற்புறுத்தல் இருந்ததா, யார் என்று தனியாக விசாரித்தறியவேண்டும். 16 க்குக் குறைந்தவள் என்றால், தண்டனைச் சட்டக்கோவையின் 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவள் சம்மதித்தாளா என்ற கேள்விக்கே இடமில்லை. பொலிசும் சட்ட வைத்திய அதிகாரியும் நன்னடத்தை அலுவலரும் வந்தே ஆகவேண்டும். அங்கே இரகசியம் காப்பதாக யாரும் சொல்லக்கூடாது. அப்போதும், பொலிஸ் கோரும் மருத்துவப் பரிசோதனைக்கு அந்த ஆளின் சம்மதம் வேண்டும் என்றும், மறுத்தால் நீதவானிடம் போகவேண்டும் என்றும் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைக் கோவை சொல்கிறது. பிள்ளையைக் கையில் பிடித்து மேசையில் ஏற்றும் அதிகாரம் தாய்க்கும் இல்லை, பொலிசுக்கும் இல்லை. கருக்கலைப்பு தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே என்ற 1883 ஆம் ஆண்டின் ஏற்பாடு வயது எதுவானாலும் ஒன்றுதான்.

மாற்றியவையும் மாறாதவையும்

சலம் எடுக்கமுன்னரே, குடும்பத்தவர் எல்லாரும் இருக்கும்போது ஒரே வசனத்தைச் சொல்கிறோம்: இது இந்த வயதுப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் செய்வது, முடிவைப் பிள்ளையிடம் சொல்வோம், மற்றவர்களுக்குச் சொல்வதை அவள் தீர்மானிப்பாள். முன்கூட்டிச் சொன்னால் பின்னால் வரும் மௌனத்துக்குக் கனம் குறைகிறது. முற்றாக இல்லாமல் போவதில்லை. இல்லை என்று வந்த பிள்ளைகள் அநேகமாகச் சொல்லச் சொல்கிறார்கள். ஆகவே சொல்லவேண்டாம் என்பவள் இன்னும் தனித்துத் தெரிகிறாள். எந்த முடிவையும் எவருக்கும் சொல்வதில்லை என்று கண்டிப்பாக இருக்கலாம்தான். அப்படியிருந்தால் இந்தப் பிள்ளை ஊர்வாயில் என்ன ஆகியிருப்பாள் என்று பார்த்த பிறகு என்னால் அதைப் பரிந்துரைக்க முடியவில்லை.

மாதவிடாய், கர்ப்பம் பற்றிய கேள்விகளுக்குத் தமிழ் தெரிந்த தாதி மட்டுமே மொழிபெயர்ப்பார், அதுவும் கதவு உள்ள அறையில். இரவில் ஆள் இல்லாவிட்டால், கேள்விகளைத் தமிழில் எழுதிய தாளை நோயாளியிடம் கொடுத்துப் பதிலை எழுத வைக்கிறோம். கேள்வியில் குளிசை பற்றியும் ஒரு வரி சேர்த்தோம். பிள்ளையை அனுமதிக்கும்போது யார் வளர்க்கிறார்கள், தாயோ தந்தையோ எங்கே, எந்த நேரத்தில் எந்த இலக்கத்தில் பிடிக்கலாம் என்று எழுதிவைக்கிறார்கள். துண்டு இல்லாமல் குளிசை விற்பது பற்றி, கடையின் பெயர் சொல்லாமல் பொதுவாக, உணவு மருந்துப் பரிசோதகரிடம் பேசினோம். திருவிழா வரும்போது விற்பனையும் வரும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சம்மதப் படிவத்தில் பிள்ளை கையொப்பமிடத் தனி இடம் வேண்டும் என்று எழுதிக் கேட்டோம். படிவம் கொழும்பில் அச்சாவது. நான் மாற்றலாகிப் போகும்வரை புதியது வரவில்லை. பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற வரிக்கு மேலே பேனையால் ஒரு கோடு போட்டு, அதில் பிள்ளையின் பெயரை எழுதி வாங்குகிறார்கள்.